கொல்லைக் குழாயும் வௌவால் நுரையீரலும்

கணவர் சலவைக்கடைக்காரர், மனைவி வௌவால் நுரையீரலைச் சீவுகிறவள். தெரிந்தே யாரும் இப்படியொரு ஜோடியைச் சேர்த்துவைத்திருக்க மாட்டார்கள். கல்யாணத்தின்போது அவள் ஆய்வகத்தில் கோழிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதவி உயர்வோடு வந்து ஒட்டிக்கொண்டவை வௌவால்கள்.

காட்டுக் குகைகளில் செத்துக் கிடந்தவை, மருந்துத் திரவத்தில் ஊறியபடி அவள் மேசைக்கு வரும். நுரையீரலை எடுத்து, மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றுவாள். பூஞ்சை இருந்தால் பச்சைத் தரையில் மிளகு சிதறியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். கையுறை, முகமூடி எல்லாம் இரண்டிரண்டு. இத்தனை வருஷத்தில் ஒரு தும்மலைக்கூட அவள் அங்கிருந்து வாங்கி வந்ததில்லை.

கணவர் இதை நம்பவில்லை. வேலைவிட்டு வந்ததும் கொல்லைக் குழாயடியில் கைகால் அலம்பி, உடை மாற்றிய பிறகே அவள் உள்ளே வரலாம். வாசல் வழி விடுமுறை நாளில் மட்டும்.

ஒருநாள் சாப்பிடும்போது சொல்லிப் பார்த்தாள். "அதோட எச்சத்துலதாங்க இந்தப் பூஞ்சை நல்லா வளரும். காஞ்ச எச்சத்தைக் கிளறினா..."

"சோத்துல கை வெச்சிருக்கேன்மா!"

கிளறினால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டில் கடைசிவரை சொல்லப்படவே இல்லை.

பிறகு அவருக்கு இருமல் பிடித்தது. காய்ச்சலும் விடவில்லை. பார்க்க வந்த நாத்தனார் அவளைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அண்ணி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

கோபித்துக்கொள்ள வேண்டியதைக் கேட்கப்போகிறவர்கள்தான் இப்படி ஆரம்பிப்பார்கள்.

"அந்த வேலையை விட்டா என்ன? அண்ணனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆளுக்கு ஆள் ஒட்டாதும்மா அந்தப் பூஞ்சை."

"உங்க துணியில ஒட்டியிருந்தா?"

அவளுக்கும் உள்ளூர அதே பயம்தான். எந்தக் கையுறை எப்போது கிழிந்தது என்று மனசு துருவிக்கொண்டே இருந்தது. "என்னாலதான்னு டாக்டர் சொல்லட்டும். மறுநாளே விட்டுடறேன்" என்றாள்.

டாக்டர் எக்ஸ்ரேயையும் சளிப் பரிசோதனையையும் பார்த்தார். "பூஞ்சைதான். வௌவால் பக்கம் போற ஆள் யாராவது உண்டா?"

அதுவரை சோர்ந்து கிடந்த கணவரின் விரல், திடீர்த் தெம்போடு மனைவியைக் காட்டியது.

டாக்டர் அவள் வேலையை விசாரித்துவிட்டுத் தலையசைத்தார். "அந்தத் திரவத்துல ஊறினா பூஞ்சை பொழைக்காது. இவங்ககிட்டேருந்து வரலை. நீங்க எங்கேயாவது தூசியில புழங்கினீங்களா?"

கணவர் கூரையைப் பார்த்தார். "கடைப் பரண்ல வௌவால் அடைஞ்சிருந்தது. எல்லாம் பறந்து போனப்புறம் ஏறி எச்சத்தையெல்லாம் சுத்தம் பண்ணேன்."

"எப்படி?"

"தொடப்பத்தாலதான்."

"தண்ணி தெளிச்சீங்களா?"

"கீழ வெளுத்த துணி இருக்கே சார், கறை சொட்டுமே!"

"முகமூடி?"

"எனக்கெதுக்கு? நானா வௌவால் ஆபீஸ் போறேன்?"

அவளுக்குப் பொறுக்கவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேங்க?"

"குடும்பத்துக்கு ஒரு வௌவால் போதும்னுதான்..." என்றவரை இருமல் காப்பாற்றியது.

மாசக்கணக்கில் மாத்திரை, குணமாகிவிடும் என்றார் டாக்டர். வீடு திரும்பியதும் பழக்கதோஷத்தில் அவள் கொல்லைப் பக்கம் திரும்பினாள். அங்கே அவர் முந்திக்கொண்டு, குழாயைத் திறந்து தன் கைகாலை அலம்பிக்கொண்டிருந்தார்.

"ஆளுக்கு ஆள் ஒட்டாதுன்னு எத்தனை தடவை சொல்றது? வாங்க, வாசல் வழியாவே போகலாம்."

இருவரும் வாசல் வழியாகவே போனார்கள். அன்று ராத்திரி சாப்பிடும்போது அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"காஞ்ச எச்சத்தைக் கிளறினான்னு அன்னிக்கு என்னவோ சொல்ல வந்தியே, என்னம்மா அது?"

அவள் நிதானமாக அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.

"சோத்துல கை வெச்சிருக்கேங்க."