கவுண்டர்தான் வேணும்

அரசு அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு எப்போதும் அவசரம், இந்தப் பக்கம் இருப்பவருக்கு எப்போதும் டீ நேரம் என்பது ஊரின் அசைக்க முடியாத நம்பிக்கை. சக கவுண்டர்வாசிகளே, உங்கள் கஷ்டமெல்லாம் எனக்கும் உண்டு. கூடவே ஆட்டிசமும் உண்டு. எங்களுக்கான ஒதுக்கீட்டில் தேர்வு எழுதி, ராயபுரம் பக்கம் மீனவர்களுக்கான ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா, ஆர்டர் வந்த அன்று தெரு முழுக்கக் கேக் கொடுத்தார்.

சுவரைப் பார்த்து

முதல் வாரம், படகுப் பதிவைப் புதுப்பிக்க அந்தோணி என்றொரு பெரியவர் வந்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேள்வி கேட்டதில் அவருக்குக் கோபம். "இன்னாம்மா, ஆள் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டியா?"

"எனக்கு ஆட்டிசம் இருக்கு, ஐயா. கண்ணைப் பார்த்தா நீங்க சொல்றது மண்டையில ஏறாது. பார்க்காம இருந்தா முழுசா கேட்கும்" என்றேன். அவர் பக்கவாட்டில் திரும்பி நின்றுகொண்டு சொன்னார்: "அப்போ நானும் செவுத்தப் பாத்துகினே சொல்றேன், நீ டைப் அடி."

'கொஞ்சம் பாருங்க'

எங்கள் கண்காணிப்பாளர் சண்முகவடிவு மேடம். ஒருநாள் ஒரு ஃபைலை நீட்டி, "இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார். கொஞ்சம் பார்த்தேன். திருப்பி வைத்தேன். சாயங்காலம் அவர் கேட்டபோது, "பார்த்துட்டேன் மேடம்" என்றேன்.

அவர் திட்டவில்லை. "உங்களுக்கு நான் எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டார். சொன்னேன். அன்று முதல், "இதைப் படிச்சு, தப்பை பென்சில்ல குறிச்சு, மதியத்துக்குள்ள என் மேஜையில வைங்க" என்பார். எனக்கு மட்டும் அப்படிச் சொன்னால் நன்றாயிருக்காது என்று எல்லோருக்கும் அப்படியே சொன்னார். பக்கத்து சீட் பாஸ்கர் அண்ணன் என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "மேடம் என்ன கேக்குறாங்கன்னே இத்தனை வருஷம் கழிச்சு இன்னிக்குத்தாம்மா எனக்குப் புரியுது."

தடைக்கால நிவாரணம்

மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்குக் கூட்டம் அலைமோதிய நாள். ஒரே நேரத்தில் பல குரல்கள், வெளியே லாரி ஹாரன். என்னால் தாங்க முடியவில்லை. காதைப் பொத்திக்கொண்டு பின்படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் அலுவலகத் தலைமை அதிகாரி கூப்பிட்டு, "பின்னாடி ரூம்ல போட்டுடறேம்மா, உனக்கும் நிம்மதி" என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த அறைக்குள் போனால் திரும்பி வரமாட்டேன் என்று பயமாக இருந்தது. எங்களைப் போன்றவர்கள் கவுண்டருக்கு ஆகமாட்டார்கள் என்றும் ஆகிவிடும்.

"நிம்மதி வேண்டாம் சார். கவுண்டர் வேணும். வர்றவங்களுக்கு டோக்கனும், என் காதுக்கு ஹெட்போனும் இருந்தா போதும்" என்றேன். "சரி, ஒரு மாசம் பார்ப்போம்" என்றார்.

அடுத்த வாரமும் அதே கூட்டம். டோக்கனை மறந்து எல்லோரும் முண்டியடித்தபோது, வரிசையில் நின்ற மீன் விற்கும் மேரியக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்: "ஒவ்வொருத்தரா வாங்கடா! நீங்க கத்துறதுல எனக்கே பேஜாரா கீது, அந்தப் பொண்ணு எப்டி வேலை பாக்கும்?"

அதன்பின் என்னை மாற்றும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

எண்ணூரிலிருந்து ஒருத்தி

சமீபத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் சில பணியிடங்களைத் திறந்திருக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டு எண்ணூரிலிருந்து ஓர் அம்மா, பட்டப்படிப்பு முடித்த மகளோடு வந்தார். "என் பொண்ணுக்கும் உன்ன மாதிரிதாம்மா. இவளையும் எடுப்பாங்களா?" தேர்வு எழுதலாம், நானும் எழுதினேன், இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்றேன்.

மகள் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. அண்ணாந்து, கிறீச்சிட்டுச் சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்: "அதுக்கு எண்ணெய் போட்டு வைங்க, நான் பாஸ் பண்ணிட்டு வரேன்."

அவள் பாஸாகிவிடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்குள் ஃபேனுக்கு எண்ணெய் போட மேலிடத்து அனுமதி வந்துவிடுமா என்பதுதான் கவலை.