முழுவதும் அழிக்கவா

செவ்வாய்ப்பேட்டையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில், நான் கொடுத்த பழைய டிஸ்க் விர்ரென்று சுற்றத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் நான் மறுபடி பதினொரு வயதுக்குப் போய்விட்டேன்.

அக்காவின் நிக்காஹ் முடிந்த வாரம். அத்தா இரண்டு வகை டிஸ்க் வாங்கி வந்தார். ஒன்றில் ஒருமுறை பதிந்தால் பதிந்ததுதான். மற்றொன்றை அழித்து அழித்து எழுதலாம். ஆண்கள் பக்கத்து வீடியோவை அழியாததில் ஏற்றினார்கள். பெண்கள் பக்கத்தை மற்றதில்தான் ஏற்ற வேண்டும் என்றார் அம்மா.

"நாம ஒருக்கா பாத்துட்டு அழிச்சிரலாம். கண்டவங்க கைக்குப் போகக் கூடாது."

கேமராவில் இருந்ததையும் நீக்கச் சொல்லிவிட்டார். வாடிய மல்லிகை வாசத்தில் பெண்களெல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். போட்டோவென்றால் வாயை இறுக்கிக்கொள்ளும் அம்மா, அதில் வாய்விட்டுச் சிரித்தார்.

மறுநாள் கம்ப்யூட்டர் முன் என்னை உட்கார வைத்தார். சீக்கிரமாக அழிக்கவா, முழுவதும் அழிக்கவா என்று அது கேட்டது. முழுவதும் என்றால் ஒரு மணி நேரமாகும்.

"முழுசாவே அழிச்சிரு கண்ணு."

எழுந்திருக்காமல் உட்கார்ந்து அழித்து முடித்தேன். அம்மா இறந்து எட்டு வருடமாகிறது.

கடைக்காரர் டிஸ்க்கை வெளியே எடுத்தார். "சீக்கிரமா அழிச்சிருந்தா ஏதாச்சும் மீட்டுக் குடுத்திருப்பேங்க. யாரோ பொறுமையா உக்காந்து முழுசா அழிச்சிருக்காங்க."

"ஆமாங்க," என்றேன். "சொன்ன பேச்சு கேக்கற புள்ள."

அழியாத டிஸ்க்குகள் வீட்டில் இன்றும் நன்றாக ஓடுகின்றன. அவற்றில் ஆண்கள் பந்தி பந்தியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.