மடியில் உலகத்தை வைத்திருந்தவர்

அந்த வீட்டுக் கூடத்தில் எனக்கென்று ஒரு கதிரை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும், ஒரேத்தோ பகுதியிலிருந்த எங்கள் வீட்டில் தனியே விட மனமில்லாமல், வியா மக்வேதா வீதிக்குப் பின்னால் தான் வேலை செய்த வீட்டுக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். பெல்ஜியத்திலிருந்து வந்து, சிசிலியில் கலியாணம் முடித்து, தொண்ணூறு தாண்டிவிட்ட ஒரு கிழவரைப் பராமரிப்பது அவள் வேலை. கிழவரின் மகளான சினோரா போட்ட சட்டம் ஒன்றுதான்: பிள்ளை கூடத்தில் இருக்கலாம், சத்தம் கேட்கக் கூடாது. நான் சத்தமில்லாத பிள்ளையானேன். கடிகாரம் கதைத்தது, தண்ணீர்க் குழாய் கதைத்தது, உள்ளறையில் இருமல் கதைத்தது. என்னோடு கதைக்க ஒருவருமில்லை. எதிர்ச் சுவரில் அந்த ஏழு பேர் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய கறுப்பு வெள்ளைப் படம். தாடைக்குக் கீழே நாடா கட்டிய தொப்பியும் வெறுங்காலுமாக ஏழு ஆண்கள். காலடியில் கறுப்பாக ஏதோ பரவியிருக்கும். மேகம் என்று நினைத்தேன். நடுவில் அமர்ந்தவரின் மடியில் ஓர் உருண்டை. தூசி துடைக்கும்போது அம்மா அந்தப் படத்துக்குக் கடைசியாகத்தான் வருவாள். ஒவ்வொரு முகமாகத் துடைப்பாள். பிறகு சிலுவை போட்டு விரல் நுனியை முத்தமிடுவாள். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அவர்கள் புனிதர்கள். கோயில் சிலையில் குழந்தை இயேசுவே உள்ளங்கையளவு உலக உருண்டையைத்தான் ஏந்தியிருக்கிறார். இவரோ மடி நிறைய வைத்திருக்கிறார். தலைமைப் புனிதர் இவராகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு அவர்களிடம் ஓர் அலுவல் இருந்தது. அம்மாவின் தம்பி மன்னாரிலிருந்து படகில் வெளிக்கிட்டு, இந்தியாவுக்குப் போய், அங்கிருந்து எங்களிடம் வர வேண்டியவர். மாமா வந்தால் நான் பின்னேரங்களில் எங்கள் வீட்டிலேயே இருக்கலாம். சத்தம் போட்டுக்கொண்டும் இருக்கலாம். அவருக்கென்று வாங்கிய மெத்தை கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது. எப்ப வருவார் என்று கேட்டால், "வருவார் பிள்ளை" என்பாள் அம்மா. ஆகவே நான் மேலிடத்தில் விண்ணப்பித்தேன்.

வெறுங்கையோடு கேட்பது அழகில்லை. அப்பா சியாகுல்லித் தோட்டங்களில் பழம் பறிக்கப் போன காலம் அது. வீடெல்லாம் மந்தரீன் தோடம்பழ வாசம். ஒன்றைக் கொண்டுவந்து படத்துக்குக் கீழே இருந்த சின்ன மேசையில் வைத்தேன். "மாமாவைக் கெதியாக் கொண்டு வாங்கோ" என்று முணுமுணுத்தேன். அம்மா குசினிக்குக் கூப்பிட்டுப் பால் தந்தாள். குடித்துவிட்டுத் திரும்பினால் பழத்தைக் காணவில்லை. அடுத்த நாளும் வைத்தேன், அதையும் காணவில்லை. எங்கள் வீட்டு அந்தோனியார் ஒருநாளும் ஒன்றும் சாப்பிட்டதில்லை.

பிறகொரு நாள் பாலைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தேன். படத்துக்கு முன்னால் சக்கர நாற்காலியில் கிழவர். மடியில் என் பழத்தின் தோல், தாடையில் சாறு. அந்த வீட்டில் முதன்முதலாகக் கத்தினேன்.

"கள்ளன்! அது உங்களுக்கில்லை, புனிதர்களுக்கு!"

சினோரா ஓடிவந்தாள். அம்மா ஈரக்கையால் என் வாயைப் பொத்தினாள். வேலை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு. கிழவர் மட்டும் சிரித்துச் சிரித்து இருமினார்.

"எந்தப் புனிதர்?"

காட்டினேன். சினோராவும் சிரித்துவிட்டாள். "கடவுளே! இவையள் வாட்டர் போலோ விளையாடினவையள்!"

நீந்திக்கொண்டே பந்தெறிகிற விளையாட்டாம் அது. இளம் வயதில் பெல்ஜியத்துக்காகத் தண்ணீரில் இறங்கியவர்களாம். தோல் பந்து தண்ணீர் குடித்துக் குடித்துக் கல்லாய்க் கனக்குமாம். ஓர் ஆட்டம் முடிந்து கரையேறிய கையோடு எடுத்த படமாம்.

கிழவர் தன் நெஞ்சைத் தொட்டார், பிறகு படத்தில் நடுவில் இருந்தவரைத் தொட்டார்.

"நான்தான். உன்ர பழம் சரியான ஆளிட்டத்தான் வந்திருக்கு. நாளைக்கும் கொண்டு வா."

உலகம் பந்தாகிவிட்டது. என் தலைமைப் புனிதருக்கு இவ்வளவு நாளும் அம்மா கரண்டியால் சூப் பருக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பஸ் தரிப்பில் அம்மாவுக்கு அறிவு புகட்டப் பார்த்தேன்.

"அம்மா, அவை சாமியள் இல்லை."

"தெரியும். முதல் நாளே சினோரா சொன்னவ."

"அப்ப ஏன் சிலுவை போடுறனீங்கள்?"

அம்மா வீதியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பஸ் வருது. கையைப் பிடி."

மறுநாளும் துடைத்தாள், மறுநாளும் சிலுவை போட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, மந்தரீனை நானே தின்றேன். மழைக்காலம் போனது. மெத்தையைப் புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏன் என்று எவரும் சொல்லவில்லை. ஞாயிறுகளில் மற்றத் தமிழ்க் குடும்பங்கள் கடலுக்குப் போகும். அம்மா வரமாட்டாள். உப்புக்காற்று தனக்கு ஒத்துக்கொள்ளாது என்பாள், கடற்கரையில் பிறந்தவள்.

மாமா ஏறிய படகு எந்தக் கரையையும் சேரவில்லை என்ற செய்தி, நான் முதல் பழத்தை வைப்பதற்கு முன்பே வந்துவிட்டதென்று, வளர்ந்த பிறகு அப்பா ஒருநாள் சொன்னார். படத்தில் நான் முதலில் புனிதர்களைக் கண்டேன், பிறகு விளையாட்டுக்காரரைக் கண்டேன். அவர்கள் காலடியில் பரவியிருந்தது மேகமில்லை, உடம்பிலிருந்து வடிந்த தண்ணீர் என்பதை அம்மா முதல் நாளே கண்டிருக்க வேண்டும். தண்ணீரில் இறங்கி, ஒருவரும் குறையாமல் கரையேறி நிற்கிற ஆண்கள். ஒவ்வொரு முகமாக அவள் ஈரம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.