ஜெபமாலை சொன்ன ஸ்கோர்

"கரை தொட்டாச்சு! நாலு! ஏலே, நாலு!"

ஜெபமாலை இப்படிக் கூவும்போது சீனி முகம்மது பாயின் டீக்கடையில் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல வலது உள்ளங்கையை ரேடியோவின் மேல் வைத்திருப்பார். இடது கை பந்து போன திசையைக் காட்டும். ரேடியோவுக்குள் ஒருவர் இங்கிலீஷில் ஓடிக்கொண்டிருப்பார். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் ஜெபமாலை தமிழில் பிடித்துக்கொள்வார். கடைக்குள்ளே இருபது பேர், வெளியே மணலில் நாற்பது பேர். பாம்பனில் டெஸ்ட் மேட்ச் கேட்பது என்றால் இதுதான்.

தொழில் மீன் ஏலம். விடியற்காலையில் வள்ளங்கள் கரை சேர்ந்ததும், மணலில் கொட்டிய மீனைச் சுற்றிச் சுற்றி வந்து விலை கூவுவார். வயது நாற்பத்தெட்டு, வாட்டசாட்டமான ஆள். வெற்றிலை இல்லை, பீடி இல்லை, குரல் கெட்டுவிடுமாம். டெஸ்ட் நடக்கும் ஐந்து நாளும் பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டுதான் திரிவார். அதே மனுஷனைக் கோயிலில் பாட்டுப் பாடக் கூப்பிட்டால், "தொண்ட சரியில்ல சாமி" என்று நழுவிவிடுவார்.

அவருடைய கிரிக்கெட் தனி ரகம். அவுட்டாகாமல் கட்டை போடுகிறவன் "நங்கூரம் போட்டுட்டான்". கேட்ச் கொடுத்தவன் "வலையில விழுந்துட்டான்". வேகப்பந்துக்காரன் ஓடி வந்தால் "கச்சான் காத்து கெளம்பிருச்சு". வாழ்நாளில் மட்டையைத் தொட்டிராதவர்களெல்லாம் இந்தப் பாஷையில் கிரிக்கெட்டைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள். கருவாடு விற்கிற கருத்தம்மாள்கூட, "இன்னிக்கி நங்கூரம் போட்டவன் இருக்கானா, போயிட்டானா?" என்று கேட்டுவிட்டுத்தான் கூடையைத் தூக்குவாள். சாப்பாட்டு இடைவேளையில் ஆட்டக்காரர்களுக்கு என்ன கறி என்று கேட்டால் அதற்கும் அவரிடம் பதில் உண்டு. "வெள்ளக்காரனுக்கு ஆடு. நம்மாளுக்கு பாறை மீன் கொழம்பு."

இங்கிலீஷ் எங்கே படித்தீர் என்றால், "கொழும்புல பன்னெண்டு வருசம். துரைமாரோட பேசிப் பேசி வந்தது" என்பார். கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை இறக்கினார் என்பது உண்மை. துரைமார் அவரோடு பேசினார்கள் என்பதற்குத்தான் சாட்சி இல்லை. ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. யார் கேட்கப் போகிறார்கள்? மூட்டை எண்ணும் இடத்தில் நின்று நின்று எண்கள் அத்தனையும் பாடம். ஒன்றிலிருந்து ஆயிரம் வரை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இங்கிலீஷில் சொல்வார். அதோடு அவுட், கேட்ச், நோபால். அவ்வளவுதான் கையிருப்பு. மற்றபடி ரேடியோக்காரர் குரல் ஏறினால் அடி, இறங்கினால் தடுப்பு, கைத்தட்டல் நீண்டால் நாலு. இடைவெளியை நிரப்புவதெல்லாம் சொந்தச் சரக்கு. ஸ்கோரை மட்டும் ஒரு ரன் பிசகாமல் சொல்லிவிடுவார். மறுநாள் ரயிலில் வரும் பத்திரிகையிலும் அதே எண் இருக்கும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவருடையது ஆறு வருஷம் ஓடிற்று. பெண்டாட்டி ஜோதிமேரிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "ரேடியாக்காரன் ஒரு வார்த்த பேசுறான், இவரு ஒம்பது வார்த்த பேசுறாரு. இங்கிலீசு அம்புட்டுச் சுருக்கமாவா இருக்கும்?"

போன தை மாதம் சென்னையில் நடந்த டெஸ்டின் கடைசி நாளில்தான் அது முடிவுக்கு வந்தது. எதிராளிக்கு நாலே விக்கெட் பாக்கி. அதை எடுத்துவிட்டால் நமக்கு ஜெயம். காலையிலேயே டீக்கடை நிரம்பி வழிந்தது. கூட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாடைக்காற்று ஓங்கி, நாலு நாளாக ஒரு வள்ளமும் கடலுக்குப் போகவில்லை. வீட்டில் இருந்தால் பெண்டாட்டி முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு ரேடியோ தேவலை.

ரேடியோவைத் திருப்பினால் ஆட்டத்தைக் காணோம். ரெயின் என்றார்கள். அந்த வார்த்தை ஜெபமாலைக்குத் தெரியும்; கொழும்பில் மழை வந்தால் வேலை நின்றுவிடும். "மதராஸ்ல மழையாம்ப்பா. படுதா போட்டு மூடிட்டானுக" என்று தைரியமாகவே சொன்னார். வினை அதற்கப்புறம்தான் வந்தது. மழை பெய்தால் ஓட்டம் இல்லை. ஓட்டம் இல்லையென்றால் எண் இல்லை. எண் இல்லாத இங்கிலீஷில் அவருக்கு ஒரு மண்ணும் புரியாது. ரேடியோவில் இரண்டு பேர் ஆற அமர ஏதோ பேசினார்கள், சிரித்தார்கள், மறுபடி பேசினார்கள். கடையே இவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நின்னுச்சா?"

"தூறுது."

"இப்ப?"

"கொறையுது, கொறையுது."

மணி பன்னிரண்டு ஆயிற்று. பேட்டரி தீர்ந்துவிடுமே என்று பாய் அணைக்கப் போனார், கூட்டம் அவரை அடிக்காத குறைதான். "நாலே விக்கெட்டு பாய்! வயித்தெரிச்சலக் கொட்டிக்காதீங்க!" இளவட்டங்கள் மழையை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஒருவர் சந்தியாகப்பருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார். பாயும் மனசிளகி, "இன்ஷா அல்லா, நின்னுரும்" என்றார். அந்த முகங்களைப் பார்க்க ஜெபமாலைக்குப் பொறுக்கவில்லை. ஏலக்காரர் வாய் அல்லவா, கூட்டம் ஆசைப்படுவது தானாக வந்துவிடும். ரேடியோவில் யாரோ உரக்கச் சிரித்த சமயம் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"வெளுத்திருச்சு! மதராஸ்ல வெயிலு! கடல் பக்கம் பொட்டு மேகம் இல்லங்கிறான். படுதாவ உருவுறானுக!"

விசில் பறந்தது. துண்டுகள் மேலே போய் வந்தன. பாய் எல்லாருக்கும் டீ ஆற்றத் தொடங்கிவிட்டார்.

அந்தக் கூச்சலில் ஒருவர் மட்டும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் கில்பர்ட், ஜோதிமேரியின் கூடப் பிறந்த ஒரே தம்பி. கிரிக்கெட்டுக்காக வருகிறவர் அல்ல. இந்தக் கடற்கரையில் ஒரு நம்பிக்கை உண்டு. வாடை வடக்கிலிருந்து இறங்குவது. ஆகவே வடக்கே அடங்கினால் இங்கேயும் அடங்கும். மதராஸில் வெளுத்தால் அன்றே பாம்பனில் வலை எடுத்துக் கடலுக்குப் போகலாம். வானிலைச் செய்தி தப்பினாலும் தப்பும், ஜெபமாலை சொல்லும் மேகம் தப்பாது. ஆறு வருஷமாக ஸ்கோர் பிசகாத வாய் ஆயிற்றே!

"நாலு நாளாச்சு மச்சான். புள்ளைகளுக்கு வெறுங்கஞ்சி. நீங்க சொன்னதே போதும், நான் வாரேன்" என்றார் கில்பர்ட். "ஏலே, வள்ளத்த எறக்குங்கடா." ஐந்து பேர் அவர் பின்னால் கிளம்பினார்கள்.

ஜெபமாலை ரேடியோ மேலிருந்த கையை எடுத்துவிட்டார்.

"இரு மாப்ள, டீ குடிச்சிட்டுப் போ."

"வந்து குடிச்சுக்கிறேன்."

"காத்து இங்கன இன்னும் அடங்கலயே."

"அதான் அங்கன வெளுத்திருச்சுன்னீங்களே!"

மணலில் வள்ளத்துக்கு அடியில் உருட்டுக்கட்டை போடும் சத்தம் கேட்டது. ஜெபமாலை ரேடியோவைப் பார்த்தார். அது தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் இத்தனை வருஷத்து மரியாதை கடலோடு போய்விடும். ஊரில் ஒரு பயல் மதிக்கமாட்டான். சொல்லாவிட்டால் பெண்டாட்டியின் ஒரே தம்பியோடு இன்னும் ஐந்து உயிர். அரை நிமிஷம்தான் நின்றார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். வள்ளத்துக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றார். என்னவோ ஏதோ என்று டீக்கடை முழுக்க அவர் பின்னால் ஓடி வந்தது.

"எனக்கு இங்கிலீசு தெரியாது மாப்ள!"

மெதுவாகப் பேச அவருக்கு வராது. ரயிலடி வரைக்கும் கேட்டிருக்கும்.

"என்ன மச்சான் சொல்றீக?"

"தெரியாதுங்கிறேன். எண்ணு மட்டுந்தான் தெரியும். மழை பேஞ்சது நெசம். வெளுத்ததுன்னது நானா விட்ட புளுகு. எறங்காத, ஒங்க அக்காவுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் அழாத குறையாகக் கேட்டது. "அப்ப... போன வருசம் பந்து மதிலத் தாண்டி பஸ்ஸு மேல விழுந்துச்சே?"

"அது நாந்தான்."

"அம்பயரு தொப்பிய நாய் கவ்விட்டு ஓடுனது?"

"நாய் ஏதுடா! எல்லாம் நாந்தான்."

கில்பர்ட் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வடக்கேயிருந்து மழை அடித்துக்கொண்டு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரயில் பாலம் கண்ணுக்கு மறைந்தது. அலை ஏறி உருட்டுக்கட்டை இரண்டை இழுத்துக்கொண்டு போயிற்று. எல்லாருமாகக் கூச்சல் போட்டு வள்ளத்தை மேட்டுக்கு ஏற்றினார்கள். ஜெபமாலையும் தோள் கொடுத்தார். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

சொட்டச் சொட்ட நனைந்து கடைக்குத் திரும்பினார்கள். ரேடியோவில் இன்னும் அதே இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெபமாலை உள்ளே வரவில்லை. வாசலில் கூரைத் தண்ணீர் விழும் இடத்திலேயே நின்றுகொண்டார். பாய் டீயை நீட்டியபோது வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பாம்பன் ரசிகர்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாக வெறும் இங்கிலீஷைக் கேட்டார்கள். கால் மணி நேரம் கேட்டார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவர், "என்னதான்ப்பா சொல்றான்?" என்று பொதுவாகக் கேட்டார். எல்லாருக்கும் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்க ஆசை, ரோஷம் விடவில்லை.

"நாலு விக்கெட்டு பாக்கி மச்சான். நீங்களே சொல்லி முடிங்க" என்று சொல்லிக்கொண்டே கில்பர்ட் எழுந்து ரேடியோவை அணைத்தார். பிறகு பெஞ்சை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு, ஜெபமாலைக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டார்.