ஆதிநாராயணனின் 'ரைட்'

ஆதிநாராயணனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு வார்த்தை. அதை வைத்தே சம்பளமும் வாங்கினார். புத்தூரிலிருந்து நகரி வழியாகத் திருத்தணி போகும் பஸ்ஸில் அவர் கண்டக்டர். வண்டி கிளம்ப 'ரைட்'. அவசரமென்றால் வெறும் 'ரை'. பின்னால் எடுக்க வேண்டுமானால் 'ரை ரை ரை' என்று பஸ்ஸின் பக்கத்துத் தகரத்தைத் தட்டுவார். வீட்டிலும் அதே கதைதான். குழம்பு வாய்த்துவிட்டால் 'ரைட்'. சண்டையில் மனைவி தாட்சாயணி ஜெயித்துவிட்டால் நீட்டி முழக்கி ஒரு 'ரை...ட்'. சித்தூர் ஜில்லா யாருக்கு என்று தமிழரும் தெலுங்கரும் கத்திக்கொண்டே ஏறிய காலம் அது. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இரண்டு தரப்பாரும் வாயை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்தார்கள்.

மகள் அலர்மேல்மங்கைக்கு வரன் பார்த்தபோதும் மனுஷன் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. சந்திரகிரியில் வசதியான இடம் வந்தது, வேண்டாம் என்றுவிட்டார். திருத்தணியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே பூக்கடை வைத்திருந்த உமாபதியைப் பிடித்தார். ஒவ்வொரு டிரிப்புக்கும் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு வரலாமே! இந்த உள்கணக்கை அவர் தாட்சாயணியிடம்கூடச் சொல்லவில்லை.

தாம்பூலம் மாற்றும்போது பெண்ணைப் பெற்றவர் சபையில் 'குடுத்தேன்' என்று சொல்ல வேண்டும். இவர் தட்டை நீட்டி 'ரைட்' என்றார். சபையே சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா சந்திரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னா சம்பந்தி, பொண்ணக் குடுக்கிறீங்களா, பஸ்ஸ அனுப்புறீங்களா?"

அசடு வழிய 'குடுத்தேன்' என்றார்.

அப்புறம்தான் எல்லை முடிவாயிற்று. திருத்தணி மதராசோடு, புத்தூரும் நகரியும் ஆந்திராவோடு. இரண்டு ராஜ்யத்துக்கும் வரி கட்டத் தன்னால் ஆகாது, ஏப்ரலிலிருந்து வண்டி நகரியோடு திரும்பும் என்று பஸ் முதலாளி சொல்லிவிட்டார். ஆதிநாராயணன் இடிந்துபோனார். ஆனால் சபையில் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். பங்குனியில் கல்யாணம் நடந்தது.

மார்ச் கடைசி நாள், மகளையும் மருமகனையும் தன் வண்டியிலேயே திருத்தணிக்குக் கூட்டிப்போனார். பூக்கடை எதிரே இருவரும் இறங்கினார்கள். டிரைவர் கங்கையா வண்டியைத் திருப்பி நிறுத்தினார். புத்தூர் ஜனம் ஏறி உட்கார்ந்தாயிற்று. ஆதிநாராயணன் படியில் நின்று வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் முறையும் அப்படியே.

"இன்னாய்யா, வண்டி போவுமா போவாதா?" என்றார் உள்ளேயிருந்து ஒருவர்.

மங்கை படியருகே வந்தாள். "நீ ஏன் இந்த எடம் பாத்தேன்னு எனக்குத் தெரியும் நைனா. நாங்க வந்து வந்து பாத்துக்கினு இருப்போம். உடு, நேரமாவுது."

புதுவளையல் குலுங்கத் தகரத்தை அவளே தட்டினாள்.

"ரைட்!"

கங்கையா வண்டியை எடுத்தார். நகரி வரும்வரை கண்டக்டர் யாருக்கும் டிக்கெட் கிழிக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.