எட்டாம் நம்பர் லாரியும் ஒரு மஞ்சள் காப்பும்

"எட்டாம் நம்பர் லாரிய படமா எடுக்கப் போறாங்களாம் லா. கெடுத்துட்டுத்தான் விடுவானுங்க."

ஜொகூரில், தம்போய் என்ற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடை. பக்கத்து மேசைக்காரர் தன் கூட்டாளியிடம் இப்படிச் சொல்லிவிட்டு தே தாரிக் டீயை உறிஞ்சினார். நான் ரொட்டி சானாயைப் பிய்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று காலையில்தான் அந்தப் படத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன்.

சினிமாவில் கண்டினியுட்டி என்றொரு வேலை உண்டு. ஒழுங்காகச் செய்தால், அப்படி ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு ஷாட்டில் கதாநாயகனின் சட்டையில் இரண்டாவது பொத்தான் திறந்திருந்தால் அடுத்த ஷாட்டிலும் திறந்திருக்க வேண்டும். அதைப் பார்த்துக் குறித்து வைப்பதுதான் வேலை. வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு ஏற்றது. நான் எதையும் சொல்வதில்லை. துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவேன். வீட்டில் எல்லோரும் படத்தில் மூழ்கியிருக்கும்போது, "இப்பத்தானே கண்ணாடி போட்டிருந்தான்?" என்று கேட்டுத் திட்டு வாங்கியவரா நீங்கள்? அப்படியென்றால் நாம் ஒரே கட்சி.

'எட்டாம் நம்பர் லாரி' நான் பிறப்பதற்கு முன்னால் தொலைக்காட்சியில் வாரா வாரம் வந்த தமிழ்த் தொடர். வேலு என்ற லாரி ஓட்டுநர் ஜொகூர் சாலைகளில் கடத்தல்காரர்களைத் துரத்திப் பிடிப்பார். வேலுவாக நடித்தவர் ஜீவா. அதைச் சிறு வயதில் பார்த்து வளர்ந்த ரவின் அண்ணன்தான் இப்போது பெரிய செலவில் படமாக எடுக்கும் இயக்குநர். பழைய தொடர் முழுவதையும் பார்த்து, எதையும் விடாமல் குறிப்பெடு என்று என்னிடம் சொன்னார். "ஒண்ணு மாறுனாலும் சனங்க என்னை உரிச்சிடுவாங்கமா."

கல்யாண கேசட்

குறிப்பெடுக்கத் தொடர் வேண்டுமே. தொலைக்காட்சி நிலையத்தில் பழைய நாடாக்களைத் துடைத்து வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்திவிட்டார்களாம். விசாரித்து விசாரித்து, பாலோவில் ஒரு தையல்கார ஆன்ட்டி ஒரு வாரம்கூட விடாமல் வீட்டில் பதிவு செய்து வைத்திருப்பதாகத் தெரிந்தது. போனேன். பிஸ்கட் டின்களில் வரிசை எண் ஒட்டி அடுக்கியிருந்தார். ஒரு எலி கடித்த அடையாளம்கூட இல்லை.

சரிபார்க்க ஒரு கேசட்டைப் போட்டோம். நாதஸ்வரம். மணவறை. பட்டுப்புடவையில் குனிந்த தலையோடு ஒரு பெண். ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுக்கிறார். மாப்பிள்ளை கையை நீட்டும் நேரத்தில் திரை ஒரு முறை நடுங்கி, லாரி ஹார்ன் அலற, வேலு பாய்ந்து வந்தார். அந்தப் பெண்ணின் மூக்குத்தி எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கவே, திரும்பி ஆன்ட்டியைப் பார்த்தேன். அதே மூக்குத்தி. என் முகத்தைப் படித்தவர், தையல் மிஷினிலிருந்து காலை எடுக்காமல் சொன்னார்: "வேற காலி கேசட் இல்லமா அன்னிக்கு. கல்யாணம் ஒரு நாளுதான். லாரி வாரா வாரம் வந்துச்சு."

கோணல் எட்டு

படத்துக்கு அதே மாதிரி பழைய லாரி ஒன்று வாங்கி, தம்போய்ப் பட்டறையில் புதுப்பித்தார்கள். கதவில் எட்டாம் நம்பரைக் கணினியில் வெட்டி ஒட்டினார்கள். நேராக, அழகாக, வங்கி விளம்பரம்போல் இருந்தது. தொடரில் இருந்த எட்டின் கீழ்ச் சுழி வலப்பக்கம் சாய்ந்திருக்கும். யாரிடம் சொல்வது? 'எட்டு சாய வேண்டும், வலப்பக்கம்' என்று எழுதி லாரிக் கதவில் ஒட்டிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

பட்டறையில் வெல்டிங் செய்யும் மணியம் அங்கிள் அதைப் படித்துச் சிரித்தார். ஐம்பதைத் தாண்டிய, குட்டையான, அகன்ற தோள்கொண்ட மனிதர். "பெயிண்ட் அடிச்ச அன்னிக்கு மழைமா. வழிஞ்சிடுச்சு. துணியால தொடைச்சப்ப இந்தப் பக்கம் இழுத்துக்கிச்சு." எந்த ரசிகரும் எழுதாத செய்தி. நான் நோட்டைத் திறந்தேன். "உங்களுக்கு எப்படித் தெரியும் அங்கிள்?"

அவர் முகமூடியை இறக்கிக்கொண்டு, அதற்குள்ளிருந்தே பதில் சொன்னார்: "துணி என் கையிலதானே இருந்துச்சு."

ஒரு விநாடிக் காப்பு

தொடரில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் காட்சி ஒன்று உண்டு. வேலு, ஓடும் லாரியின் கூரையில் ஓடிவந்து கடத்தல்காரனின் மரம் ஏற்றிய லாரிக்குத் தாவுவார். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தாவும்போது வலது மணிக்கட்டில் மஞ்சள் காப்பு, அதில் கட்டிய மஞ்சள் கிழங்குத் துண்டு. அடுத்த ஷாட்டில் வந்து விழும்போது மணிக்கட்டு வெறுமையாக இருக்கிறது. காவடி எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் கட்டும் காப்பு அது. காவடியை இறக்கும்வரை அவிழ்க்கக் கூடாது. லாரிக்கும் லாரிக்கும் நடுவில் அந்தரத்தில் யார் அவிழ்த்தார்கள்?

புதையல் கிடைத்த சந்தோஷத்தோடு கதை எழுதும் அறைக்குப் போனால், சுவர் முழுக்க அந்தக் காப்புதான். ரசிகர்கள் பல வருடங்களாகக் கேட்கிற கேள்வியாம். ஜீவா ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் வானொலியில், "அது எங்கம்மாவுக்காக நான் கட்டுன காப்பு" என்று சொல்வாராம். அதை வைத்து வேலுவுக்கு ஒரு முன்கதை எழுதியிருந்தார்கள். நோய்ப்படுக்கையில் தாய், ஆற்றங்கரைக் கோயில், காவடிக் கூட்டம். ஆற்றங்கரை செட் பாதி எழும்பிவிட்டது.

நான் மறுபடி போய்ப் பார்த்தேன். விழுகிறவர் ஜீவாதான், நீண்ட கழுத்து, மடங்கிய காது. தாவுகிறவருக்குக் கழுத்தே இல்லை. சட்டை தோளில் வெடிக்கப் பார்க்கிறது. 'தாவுபவர் வேறு ஆள். காப்பு அவருடையது. படத்தொகுப்பில் நேர்ந்த தவறு' என்று எழுதி ரவின் அண்ணனிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்தார். பிறகு தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இந்தத் தப்ப நம்பி நான் ஆத்தங்கரையே கட்டிட்டேன்மா. இனிமே இது தப்பு இல்ல, கதை."

அவிழ்க்காத கை

கழுத்தில்லாத அந்த ஆளை எங்கே பார்த்தேன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் மடிக்கணினியோடு பட்டறைக்குப் போனேன். மணியம் அங்கிள் கைகளைத் துடைத்துக்கொண்டு, தொடாமல், குனிந்து பார்த்தார்.

"அன்னிக்கு டைரக்டரு கத்தரிக்கோலோட வந்துட்டாரு. ஜீவா கையில இல்ல, உன் கையில மட்டும் எப்படி, வெட்டுன்னாரு. காவடி இறக்காம அவுக்க மாட்டேன்னேன். முழுக்கைச் சட்ட போடுன்னாங்க. வேலு எந்தக் காலத்துல முழுக்கை போட்டான்? கடைசியில, ஒரு செகண்டுதானே, யாரு பாக்கப் போறாங்கன்னு விட்டுட்டாங்க."

நான்தான் பார்த்தேன் என்று நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

அவருடைய மனைவி லெட்சுமி ஆன்ட்டி அப்போது முதல் பிள்ளைக்காக குளுவாங் மருத்துவமனையில் கிடந்தாராம். தாயும் பிழைப்பது சந்தேகம், பிள்ளையும் சந்தேகம். அதற்கான நேர்த்திக்கடன்தான் அந்தக் காப்பு. ஆனால் லாரியும் கேமராவும் தயார், வாக்குக் கொடுத்தாயிற்று. இரண்டு நாள் படப்பிடிப்புக்குப் போய்விட்டார். தாயும் மகளும் நல்லபடியாக வீடு திரும்பினார்கள். ஆனால் 'நான் சாகக் கெடந்த அந்த ரெண்டு நாளு எங்க போயி சுத்துனீங்க?' என்ற கேள்வி மட்டும் அந்த வீட்டைவிட்டுப் போகவே இல்லை. இப்போது அந்த மகளுக்கே கல்யாணமாகிவிட்டது.

"சொன்னேன்மா, ஷூட்டிங்ல இருந்தேன்னு. நம்பல. திரையில என் பேரு வரலயே. அப்புறம் ஜீவா ரேடியோவுல அது தன் காப்புன்னு சொன்னாரா, அதோட நான் பெரிய புளுகனாயிட்டேன்."

கொஞ்ச நேரம் கையிலிருந்த துணியையே மடித்துக்கொண்டிருந்தார்.

"நீ வீட்டுக்கு வந்து அவகிட்ட இதப் போட்டுக் காட்டுவியா? நான் காட்டுனா, நானே கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு சொல்லுவா."

பதினோரு தடவை

ஞாயிற்றுக்கிழமை போனேன். லெட்சுமி ஆன்ட்டி தொழிற்சாலையில் முப்பது பெண்களை மேய்ப்பவர். குரலிலேயே தெரிந்தது. "வாமா, பசியாறிட்டியா? இவரு குதிச்ச கதைய உன்கிட்டயும் அவுத்து விட்டுட்டாரா? நம்ம வீட்டு கேட்டு சாவி மறந்துட்டா, செவுரு ஏறத் தெரியாம வெளியில நிப்பாரு லா இந்த மனுசன்."

அங்கிள் சமையலறை வாசலோடு நின்றுகொண்டார். நான் காட்சியை ஓட்டினேன். காப்பு தெரியும் இடத்தில் நிறுத்தலாம் என்று விரலைத் தயாராக வைத்திருந்தேன். ஆனால் ஆன்ட்டி அதற்கு முன்னாலேயே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"திரும்பப் போடு."

போட்டேன். எழுந்துபோய்க் கண்ணாடியை எடுத்து வந்தார். மூன்றாவது முறை.

"ஓடுறதப் பாரு, வலது தோள மட்டும் முன்னால தள்ளிக்கிட்டு. பஸ்சுக்கு இப்படித்தான் ஓடுவாரு. இவரேதான்."

நான் மெதுவாக நகர்த்தி, தாவும் விநாடியில் நிறுத்தினேன். மங்கலான திரையில் அந்த மஞ்சள் புள்ளி மட்டும் பளிச்சென்று இருந்தது. ஆன்ட்டி விரலை அதன் மேல் வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் என் நோட்டைப் பார்த்தேன்.

"ஒரு குதிக்கு எதுக்கு ரெண்டு நாளு?" என்றார், திரும்பாமலேயே.

"பதினோரு தடவ குதிச்சேன்."

"ம்ம். பதினோரு தடவ குதிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு, ஆஸ்பத்திரிக்கு ஒரு போனு போடத் தெரியல."

மூன்றாவது வரிசை

படத்தின் பூஜை சாஆ பக்கம், செம்பனைத் தோட்டச் சாலையில் நடந்தது. பழைய தொடரின் தாவும் காட்சியை எடுத்ததும் அந்தச் சாலையில்தான். சாய்ந்த எட்டோடு லாரிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ரவின் அண்ணன் பதற்றத்தில் எல்லோருக்கும் இரண்டு முறை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜீவா தலைமை விருந்தினர். பட்டறை ஆட்கள் என்று சொல்லி, அங்கிளையும் ஆன்ட்டியையும் மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தேன். ஆன்ட்டி வரும் வழியெல்லாம், "அந்த ஜீவா இன்னிக்கும் அதே கதையச் சொல்லட்டும், பாத்துக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அங்கிள், "விடு லெட்சுமி, நீ நம்புனா போதும்" என்றார். ஆனால் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மேடையைத்தான் பார்த்தார்.

ஜீவாவுக்குத் தேநீர் கொண்டுபோகும் வேலை எனக்கு வந்தது. கோப்பைக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைத்தேன். கண்டினியுட்டிக் குறிப்பு எழுதுவதுபோல்தான் எழுதியிருந்தேன்: 'சார், மணியம் அங்கிள் வந்திருக்கிறார். மூன்றாவது வரிசை, இடது ஓரம், நீலச் சட்டை. பக்கத்தில் அவர் மனைவி. அந்தக் காப்பு மனைவிக்காக அவர் கட்டியது.' அவர் படிப்பதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பார்க்காமலும் இருக்க முடியவில்லை. காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தேநீரைத் தொடவில்லை.

அறிவிப்பாளர் குரலை உயர்த்தினார். "நம்ம வேலு அண்ணன்கிட்ட எல்லாரும் எதிர்பார்க்கிறது அந்தக் காப்புக் கதை! சொல்லுங்கண்ணே!" கைத்தட்டல். ஜீவா மைக்கை வாங்கினார். "அந்த வருஷம் தைப்பூசத்துக்கு முன்னால..." என்று தொடங்கி நிறுத்தினார். மறந்துவிட்டார் என்று நினைத்து யாரோ மறுபடி கைத்தட்டினார்கள். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, மூன்றாவது வரிசையின் ஓரத்தில் நின்றார்.

"மணியம், உன் காப்பு. நீயே சொல்லு."

அங்கிள் எழுந்து நின்று, வெல்டிங் கம்பியைப் பிடிப்பதுபோல் மைக்கை முகத்துக்கு வெகுதூரத்தில் பிடித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

லெட்சுமி ஆன்ட்டி தன் கைப்பையை அவர் கையில் திணித்து, மைக்கை வாங்கி, விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு மேடைப்படி ஏறினார்.