பிள்ளை வரமுதல் அறை சுடவேணும்

வீட்டு ஹீற்றர் திருத்திற எனக்கு, டென்மார்க்கிலை மாரி முழுக்க ஆக்கள் சொல்லுற முதல் வசனம் ஒண்டுதான்: "எல்லா அறையும் சுடுது, ஒண்டு மட்டும் சுடேல்லை." ரேடியேற்றரைத் தொட்டுப் பாத்துப்போட்டு ரெண்டாவது ஸ்வெற்றரைத் தேடுறவையளே, உங்களுக்கு என்ர பாடு விளங்கும்.

போன தை மாதம் ஒருநாள் காலமை, ரண்டர்ஸிலை இருந்து அன்ரன் எண்டொரு தம்பி போன் எடுத்தார். குறைமாதத்திலை பிறந்து ஆஸ்பத்திரியிலை கிடந்த அவற்ற பிள்ளையை அடுத்த நாள் வீட்டை விடுகினமாம். அறை நல்லாச் சுட்டாத்தான் கொண்டுபோகலாம் எண்டு நேர்ஸ் சொல்லிப்போட்டா. பிள்ளையின்ர அறையோ ஐஸ். ஒத்துக்கொண்ட ரெண்டு வீட்டையும் முடிச்சிட்டு ஓடி வாறன் எண்டன்.

மெக்கானிக் எங்கை?

முதல் வீடு விபோர்க்கிலை. கதவைத் திறந்த அண்ணை என்னைத் தாண்டி வானுக்குள்ளை எட்டிப் பாத்தார். "மெக்கானிக் வரேல்லையோ தங்கச்சி?" "நான்தான் அண்ணை." மனுசனுக்கு முகம் விழுந்துபோச்சு. கோடை முழுக்கப் பூட்டிக் கிடந்ததாலை, ரேடியேற்றருக்குத் தண்ணி விடுற வால்வின்ர ஊசி இறுகிப்போய்க் கிடந்தது. வால்வின்ர தலையைக் கழட்டி மெல்லத் தட்ட ஊசி மேலை வந்து, தண்ணி ஓடத் தொடங்கிச்சுது. அண்ணை குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "இஞ்சரப்பா, மெக்கானிக் வரமுதலே இந்தப் பிள்ளை திருத்திப்போட்டுது!"

ஜக்கெற் மணம்

அடுத்தது செல்வியக்கா வீடு. ரேடியேற்றர் எல்லாம் கொதிக்குது, அக்கா கம்பளியைப் போத்துக்கொண்டு நடுங்கிறா. பாத்தா அடுப்பிலை மீன்குழம்பு, ஜன்னல் எல்லாம் ஆவெண்டு திறந்து கிடக்கு. "ஜன்னலைப் பூட்டுங்கோ அக்கா, வீடு சுடும்" எண்டன். அக்காவுக்குக் கோவம் வந்திட்டுது. "பூட்டினா ஜக்கெற்றிலை கறி மணம் ஏறும், பிறகு பஸ்ஸிலை எனக்குப் பக்கத்திலை நீரோ வந்து இருக்கப்போறீர்?"

நூக்காதேங்கோ!

அன்ரன் வாசலிலேயே நிண்டார், கண் ரெண்டும் சிவந்து. பிள்ளையின்ர அறையிலை வால்வின்ர ஊசியைப் பாத்தன், நல்லா ஆடுது. ரேடியேற்றருக்குள்ளை நிண்ட காத்தும் எடுத்தாச்சு. ரேடியேற்றர் பச்சைத்தண்ணியாத்தான் கிடக்குது. பிள்ளையை நாளைக்கும் ஆஸ்பத்திரியிலையே வைச்சிருங்கோ எண்டு இந்தத் தேப்பனிட்டை ஆர் சொல்லுறது?

நிமிரேக்கை கையிலை ஏதோ சுட்டுது. ரேடியேற்றரோடை ஒட்டின முக்காலியிலை மாதா சுருவம். முன்னாலை பழைய குண்டு பல்ப் போட்ட மேசை விளக்கு, சரியா வால்வுத் தலைக்குக் கீழை. அந்தத் தலைதான் அறையின்ர சூட்டை அளக்கிறது. பல்ப்பின்ர சூட்டிலை, அறை சுட்டிட்டுது எண்டு நினைச்சு அது தண்ணியைப் பூட்டிப்போட்டுது.

விளக்கின்ர ஸ்விச்சை அமத்தி நூக்கப் போனன். "ஐயோ அக்கா, நூக்காதேங்கோ! பிள்ளை வீட்டை வருமட்டும் எரியும் எண்டு நேர்ந்தனான்." சரியெண்டு, மாதா கோயில் பெருநாளுக்குச் சுருவம் தூக்கிற மாதிரி, ரெண்டுபேருமா முக்காலியை எரியிற விளக்கோடையே வயர் எட்டுற தூரத்துக்குத் தள்ளி வைச்சம். கொஞ்ச நேரத்திலை ரேடியேற்றர் நல்லாச் சுடத் தொடங்கிச்சுது. அன்ரன் அதுக்கு முன்னாலை குந்தியிருந்து தேம்பித் தேம்பி அழுதார். எனக்கும் அப்பாடா எண்டு கண் கலங்கிப்போச்சு. உடனை ஆஸ்பத்திரியிலை பிள்ளையோடை நிக்கிற மனுசிக்குப் போன் போட்டார்: "பின்னேரம் மட்டும் பாத்துக்கொண்டிருக்கிறது என்னத்துக்கு, நான் நாளைக்கு விடியவே வாறன், பிள்ளையை வெளிக்கிடுத்தி வையும்!"

இப்ப எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும், ஸ்பானரை எடுக்கமுதல், சாமி எங்கை இருக்குது எண்டுதான் கேக்கிறன்.